கூமாப்பட்டித் தூண்டிலும் கீழக்கரைக் கடலும்

கூமாப்பட்டி என்னும் ஊர்ப்பெயரை 2025ஆம் ஆண்டுக்கு முன் உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? ஊர்க்கார இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் படம் பிடித்து, ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று அழைத்து வெளியிட்ட சிறு காணொளி அவ்வாண்டு நாடெங்கும் பரவியது. அதன்பின் திருவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு செல்லும் சாலையில் வெளியூர் வாகனங்கள் வரிசை கட்டின. வந்தவர்கள் எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு. பிளவக்கல் அணை நீரில் இறங்கிக் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் நீங்கள் ஒருமுறை வாருங்கள். மேற்கே மலைத்தொடர் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அம்மலைகளில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள். இரண்டும் சேர்ந்ததே பிளவக்கல் திட்டம். அவற்றின் நீர் கண்மாய் கண்மாயாக இறங்கி நெல்வயலையும் தென்னந்தோப்பையும் நனைக்கிறது. சுபுஹுத் தொழுதுவிட்டுக் கண்மாய்க் கரையில் நடந்தால், மடையருகே சிறுவர் இருவரேனும் தூண்டிலோடு குந்தியிருப்பதைக் காண்பீர்கள். மூங்கில் கழி, நரம்பு, முள், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவுதான் அவர்களுடைய தளவாடம். கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி கிடைக்கும், அதிர்ஷ்டமிருந்தால் விரால். கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஆதலால் வெளியூரார் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதே முறை. பிறர் பணம் கட்டி வளர்க்கும் மீனைப் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாதல்லவா?

இந்தக் கண்மாயில் தூண்டில் பழகியவர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. கடலுக்குப் போய்ப் பெரிய மீன் பிடிக்க வேண்டும்! பெருநாள் விடுமுறை வந்தால் எங்கள் பகுதி இளைஞர்கள் ஒரு வேன் பிடித்துக் கிழக்கே புறப்படுகிறார்கள். இப்போது தாய்மார்களும் குழந்தைகளும் உடன் செல்கின்றனர். இப்பயணம் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் மலையில் பெய்த மழையும் அதே கடலுக்குத்தான் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளவக்கல்லிலிருந்து இறங்கும் நீர் அருச்சுனா நதியாகி, சாத்தூருக்கு அருகே இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. வைப்பாறு விளாத்திகுளம் வட்டாரத்தைக் கடந்து, சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் மணல்தான் இருக்கும். எனினும் வழி அதுதான். எங்கள் வேன்கள் செல்வதோ விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாக இராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை முதலிய நம் சமுதாய ஊர்களுக்கும். 150 கிலோமீட்டருக்குக் குறையாத பாதை. எனவே கஸ்ர் தொழுகைக்குரிய பயணமாகிவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் ‘அத்தா’ என்று அழைக்க, அங்குள்ள பிள்ளைகள் ‘வாப்பா’ என்று அழைப்பார்கள். அண்ணன் அங்கே ‘காக்கா’. முதன்முறை வரும் எங்கள் சிறுவர்களுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

கடலில் தூண்டில் போட விரும்புவோரை வழிகாட்டியோடு படகில் அழைத்துச் செல்லும் தொழில் உலகின் பல கரைகளில் ஒழுங்காக நடக்கிறது. முழுமையாக முஸ்லிம்களின் நாடான மாலத்தீவு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாட்டுக்குப் பேர்பெற்ற அதே தீவுகள்தாம். அங்கே சூரியன் சாயும் வேளையில் ‘தோணி’ எனப்படும் படகு விருந்தினரை ஏற்றிக்கொண்டு பவளப்பாறையின் ஓரம் சென்று நங்கூரமிடும். கழி கிடையாது. ஒரு சுருளில் சுற்றிய நரம்பு, ஈயக்குண்டு, முள், ஒரு துண்டு மீன் இரை. இதற்கு முன் தூண்டிலைத் தொட்டே அறியாதவரும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வார். சற்றுப் பழகியவர்க்குக் கழியும் உருளையும் தருவார்கள். கைதேர்ந்தவர்களோ ஓடும் படகின் பின்னே போலி இரையை இழுத்துச் சீலாவையும் சூரையையும் தேடுவார்கள். பெரிய பாறை மீனோடு மல்லுக்கட்டுவோரும் உண்டு. ஒரே கடலில் மூவகையினருக்கும் இடம் இருக்கிறது. படகோட்டியே ஆசிரியர். எவருக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்பவரும் அவரே.

நம் கரையில் நிலைமை வேறு. இங்கே மீன்பிடி வள்ளம் மீன் பிடிப்பதற்கென்று பதிவு செய்யப்படுவது. பயணிகளை ஏற்றுவதற்கு அன்று. வனத்துறை மேற்பார்வையில் காரங்காடு போன்ற சில இடங்களில் படகுச் சவாரி உண்டு. உயிர்காக்கும் மேலங்கி மாட்டிய பின்பே ஏற்றுவார்கள். ஆனால் அவை பார்த்துவரும் சவாரிகள்; தூண்டில் பயணங்கள் அல்ல. மேலும், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அப்பரப்பினுள் மீன்பிடிக்க உரிமையில்லை. ‘தீவுப் பக்கம் கொண்டுபோய்த் தூண்டில் போட வைக்கிறேன்’ என்று எவரேனும் சொன்னால், அவர் உங்களைச் சட்டத்தை மீறவே அழைக்கிறார். சிப்பி, பவளத்துண்டு, கடல் அட்டை என்று குழந்தைகள் பொறுக்கும் பொருள்களில் சிலவற்றை வைத்திருப்பதே குற்றம் என்பதையும் தாய்மார்கள் அறிந்திருத்தல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவின் மூத்த மாணவர்களும் அவர்தம் பெற்றோருமாகப் பதினான்கு பேர் அக்கரைக்குச் சென்றோம். ஊரின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். படகுக்காரர் ஒருவர் எல்லோரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். மேலங்கி எத்தனை என்று கேட்டேன். சிரித்தார். ‘கடல் குளம் மாதிரி கிடக்கு, ஹஜரத். ஒரு மணி நேரத்துக்கு என்னத்துக்கு அதெல்லாம்?’ என்றார். நாங்கள் ஏறவில்லை. பிள்ளைகளின் முகங்கள் சுருங்கிப்போயின. பெற்றோர் ஒருவர், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா?’ என்று வருந்தினார். அவர் வருத்தமும் நியாயமே.

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்துவந்து, அலைதடுப்புக் கல்வரிசையின் உட்புறத்துக்கு எங்களை அழைத்துப்போனார். தட்டையான கற்களில் இடைவெளி விட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தார். நரம்பை ஆட்காட்டி விரலின்மேல் ஓடவிட்டுப் பிடிக்கச் சொன்னார். ‘கண்ணால பார்க்காதே, தம்பி. விரல்ல கேளு. சின்னது கொறிக்கும், பெருசு இழுக்கும். கொறிக்கும்போது சும்மா இரு’ என்றார். கண்மாயில் தக்கை அமிழ்வதைப் பார்த்தே பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமாயிற்று. மூன்று மணி நேரத்தில் விளமீன் நான்கும், முரல் சிலவும், சிறு பாறை ஒன்றும் கிடைத்தன. உள்ளங்கை அளவுகூட இல்லாத மீன்களை முதியவர் ஈரக்கையால் எடுத்து முள்ளை நீக்கி உடனே நீரில் விட்டார். காய்ந்த கையால் தொட்டால் மீனின் மேல் வழவழப்பு போய், விட்டாலும் பிழைக்காது என்று காரணமும் கூறினார். எத்தனையோ பாடநூல்களைப் படித்த எனக்கு அது அன்றுதான் தெரியும்.

படகில் ஏற மறுத்ததை மிகையான அச்சம் என்று நீங்கள் எண்ணக்கூடும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற குடும்பத்தாரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2014 பிப்ரவரியில் மணப்பாடு அருகே சுற்றுலா வந்தோரை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. 2023 மே 7 மாலை, கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் செய்த உல்லாசப் படகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் புறப்பட்டது. இறந்த 22 பேரில் பலர் குழந்தைகள். பதினொருவர் ஒரே குடும்பத்தினர். நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் குடும்பம், விடுமுறை நாளில் மகிழ்ச்சியாகப் புறப்பட்டுப் போனது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மீன்பிடி வள்ளம் ஏன் கவிழ்கிறது? அது வலையையும் மீனையும் அடிப்பகுதியில் தாழ வைத்துச் சுமக்க அமைந்தது. மனிதரோ உயரமான சுமை. அதிலும் நகரும் சுமை. ஒருவர் தூண்டிலில் மீன் சிக்கியதும் எல்லோரும் அந்தப் பக்கமே எழுந்து ஓடுவார்கள். கடல் அமைதியாக இருந்தாலும் வள்ளம் சாய அதுவே போதும். தூண்டில் பயணத்தில் இந்த ஆபத்து சாதாரணச் சவாரியைவிட அதிகம்.

‘அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்து ஏறிவிடலாம்’ என்று சிலர் கூறுவதுண்டு. கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குகிறவரும், கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்கிறவரும் தங்களுக்குரிய பாதுகாப்புப் பொறுப்பைத் தாங்களே இழந்துவிடுகிறார்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ‘அல் அதபுல் முஃப்ரத்’ என்னும் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார்கள். மாடியையும் கடலையும் ஒரே ஹதீஸில் இணைத்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டாமல் குழந்தையை விளையாட விடுவீர்களா?

ஆகவே, எங்கேனும் உரிமம் பெற்ற தூண்டில் படகு கிடைத்து நீங்கள் ஏறுவதானால், உரிமத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். குழந்தையின் அளவுக்குரிய மேலங்கி இருக்கிறதா என்று தனியே கேளுங்கள். பெரியவர் அணிவது குழந்தையின் தலைவழி கழன்றுவிடும். சுபுஹுக்குப் பின் புறப்பட்டு லுஹருக்கு முன் கரை சேரும்படி பேசிக்கொண்டால் வெயிலும் மிஞ்சாது, தொழுகையும் தவறாது. நேரம் தாழ்ந்து படகிலேயே தொழ நேர்ந்தால், நின்று தொழுவது தலைசுற்றலோ விழும் அபாயமோ தருமாயின் உட்கார்ந்தே தொழலாம். ஒளுவுக்குக் கடல் நீர் போதும். குடிநீர் குறைவாகக் கொண்டுசெல்லும் கடலோடிகள் இதே ஐயத்தைக் கேட்க, நபி (ஸல்) அவர்கள் கடல் நீர் தூய்மை செய்யவல்லது என்றும் அதில் இறந்ததும் ஆகும் என்றும் விடையளித்தார்கள்.

கூலியில் அடித்துப் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் படகு, கடலில் உழைக்கும் ஏழைகளுடையது. மூஸா (அலை) அவர்களையும் கிள்ரு (அலை) அவர்களையும் அவர்கள் கூலியின்றி ஏற்றிச் சென்றதாக ஹதீஸில் உண்டு. நமக்கு இலவசம் வேண்டாம்; நியாயமான கூலியே கொடுப்போம். அன்று கல்வரிசையில் கற்றுத்தந்த முதியவர் பணத்தை மறுத்தார். பிள்ளைகள் வலுக்கட்டாயமாக அவர் சட்டைப்பையில் வைத்தார்கள்.

உண்ணும் விஷயத்தில் ஒரு சிறு பேதம் எழும். நாம் ஹனஃபீகள், கடலுயிர்களில் மீன் மட்டுமே நமக்கு ஆகும், இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீழக்கரைப் பக்கத்தார் ஷாஃபிஈகள். அவர்களுக்கு வாசல் இன்னும் அகலம். அவர்கள் கணவாய்க் குழம்பை அன்போடு நீட்டினால், அதே அன்போடு மீன் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே விவாதம் வேண்டாம். ‘நாம் உண்ணாத கணவாயை இரையாகக் கோக்கலாமா?’ என்று மாணவர் ஒருவர் கேட்டார். மண்புழுவை உண்டுவிட்டா நாம் கெண்டை பிடிக்கிறோம்? ஆனால் இரையை உயிரோடு கோப்பதை அறிஞர் பலர் விரும்பவில்லை. செத்த இறாலும் சாளைத் துண்டும் இருக்க, அந்த வேதனை எதற்கு?

பிடித்துப் படமெடுத்துவிட்டு மறுபடி நீரில் விடும் பழக்கம் இப்போது நம் இளைஞரிடமும் வந்திருக்கிறது. சிறு மீனையும் தேவைக்கு மிஞ்சியதையும் விடுவது நல்லதே. உண்ணும் எண்ணமே இல்லாமல், வேடிக்கைக்காக மட்டும் ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுப்பது எனக்கு உடன்பாடில்லை. உயிருள்ளதை அம்பெறியும் இலக்காக வைப்பதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. வீட்டுக்கு எத்தனை மீன் வேண்டும் என்று கரையிலேயே எண்ணிக்கொண்டு, அது சேர்ந்ததும் நரம்பைச் சுற்றிவிடுவதே என் வழக்கம்.

காலம் பார்த்துப் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அப்போது வடகடலான பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். தை முதல் பங்குனி வரை தென்கடல் பொதுவாக இணக்கமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் அக்காலத்திலும் கடலுக்குப் போகும் என்பதால் சந்தையில் மீன் அற்றுப்போகாது. புறப்படும்போதே பனிக்கட்டி போட்ட பெட்டியொன்றை வேனில் ஏற்றிவிடுங்கள். மீனைக் கரையிலேயே குடல் நீக்கிப் பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவந்தால், கூமாப்பட்டி சேரும் இரவிலும் விளமீனின் கண் தெளிவாகவே இருக்கும்.