சூப்பு ஆறாத தூரம்

தோக்கியோ மாநகரின் மேற்குப் புறநகரிலே, புகையிரத நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், நான் விருந்தாகச் சென்ற வீட்டுக்கு வாயில்கள் இரண்டு இருந்தன. அழைப்பு மணிகள் இரண்டு, தபாற் பெட்டிகள் இரண்டு, மின்மானிகளும் இரண்டு. கீழ்த் தளத்தில் எண்பது வயதைத் தாண்டிய தாயார் தனியே வசிக்கின்றார். மேல் தளத்தில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும். பாகம் பிரித்ததோடு பேச்சும் நின்றுபோன குடும்பம் போலும் என்று என் யாழ்ப்பாண மனம் முடிவு கட்டிவிட்டது.

அம்முடிவு இரவுணவு வேளை வரையுமே நின்றது. மருமகள் மூடியிட்ட சிறு பாத்திரம் ஒன்றைத் துணியிற் பொதிந்துகொண்டு கீழே இறங்கினார். மாமியாரின் வாயில் மணியை அழுத்தி, மறுமொழி வரும்வரை காத்து நின்றார். கதவு திறந்தது, பாத்திரம் கைமாறியது, சற்று நேரம் இருவரின் சிரிப்பொலியும் கேட்டது. திறப்பு அவரிடமே இருக்கையில் மணியடிப்பானேன் என்று வினவினேன். "அது அம்மாவின் வீடல்லவா?" என்றார், வியப்புடன்.

மணமான பிள்ளைகள் பெற்றோருக்கு எவ்வளவு அண்மையில் வாழ்தல் நன்று? இதற்கு யப்பானியரிடம் பழகிய விடையொன்று உண்டு: 'சூப்பு ஆறாத தூரம்.' ஓர் அடுப்பில் இறக்கிய சூப்பு மற்ற வீட்டை அடையும்போதும் சூடு தணியாதிருக்க வேண்டும். அவ்வளவு அண்மை போதும். அதனினும் நெருங்கினால் உரசல் என்பது கருத்து. இரு குடும்பங்களுக்கென்றே வகுத்த இத்தகைய வீடுகள் 1975ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்து, இன்று எங்கும் காணக்கூடியனவாயின.

இதன் பின்னே ஒரு வரலாறும் உண்டு. 1898ஆம் ஆண்டுக் குடியியற் சட்டம் 'இயே' என்னும் குடும்ப அமைப்பைத் தலைவன் ஒருவனின் ஆட்சிக்குள் வைத்திருந்தது. குடும்பத்தவர் மணம் முடிக்க அவன் சம்மதம் வேண்டும். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, திருமணத்துக்கு ஆண் பெண் இருவரின் இசைவே போதும் என்றது. தலைவனின் அதிகாரமும் சட்டத்திலிருந்து நீங்கிற்று. ஆயினும் சட்டம் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. அத்தாயார் மருமகளாகப் புகுந்த வீட்டில், அவர் தனித்து அழுவதற்கும் ஓர் அறை இருக்கவில்லையாம். இரண்டு வாயில்கள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே! "எனக்குப் பின் வருபவளுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு இருக்கட்டும் என்று எண்ணினேன்" என்றார்.

அவ்வீட்டின் உள்ளேயும் தனிமையும் கூட்டும் இவ்வாறே கலந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் தமக்கெனச் சோற்றுக் கோப்பை ஒன்று, தமக்கென ஒரு சோடி உணவுக் குச்சிகள். பிறர் அவற்றை எடுப்பதில்லை. ஆனால் குளியற்றொட்டியின் வெந்நீர் அனைவர்க்கும் ஒன்றே. வெளியே உடலை நன்கு கழுவிய பின்னர், ஒருவர்பின் ஒருவராக அந்நீரில் அமிழ்ந்திருக்கின்றனர். குழந்தையை நடுவிற் கிடத்திப் பெற்றோர் இருபுறமும் உறங்குவதை, 'நதி' என்னும் எழுத்தின் வடிவில் உறங்குதல் என்பர். அவ்வெழுத்து மூன்று நெடுங்கோடுகளால் ஆனது, நடுக்கோடு சிறியது.

எனினும் எல்லார் வீட்டுச் சூப்பும் ஆறாதிருப்பதில்லை. 2020ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, அந்நாட்டின் நூறு வீடுகளில் முப்பத்தெட்டு, ஒருவரே வாழும் வீடுகள். 2024இல், தனித்து வாழ்ந்து வீட்டிலேயே உயிர்நீத்தவர் ஏறக்குறைய 76,000 பேர் எனப் பொலிசார் கணக்கிட்டனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் தொலைவிலிருந்தால் என் செய்வது? சொஜிருஷி நிறுவனம் 2001இல் மின்சாரக் கேத்தல் ஒன்றை வெளியிட்டது. முதியவர் தேநீருக்கு நீர் வார்த்தால், அச்செய்தி தூரத்துப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். கேத்தல் ஓய்ந்திருந்தால் பிள்ளை தொலைபேசியை எடுக்கலாம். நல்ல கருவிதான். ஆனால் கேத்தல் செய்தி சொல்லுமேயன்றி, வாசலில் நின்று சிரிக்காது.

நான் விடைபெற்ற காலையில், தாயார் படியேறி வந்தார். முதல்நாட் பாத்திரம் கழுவித் துடைக்கப்பட்டு அவர் கையிலிருந்தது. வெறும் பாத்திரமாகக் கொடுக்க மனமின்றி, தாமே ஊறவைத்த முள்ளங்கித் துண்டுகளை அதில் நிரப்பியிருந்தார். மகனுடைய வீடுதான், பேரப்பிள்ளைகளின் ஆரவாரம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. எனினும் அவர் மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்கும்வரை பொறுமையோடு காத்து நின்றார்.