ஒரு கொம்பும் ஓர் அமானிதமும்

வீட்டில் ஒரு பொருள் நம் கைதவறி உடைந்துவிட்டால் நாம் முதலில் தேடுவது எதனை? பசையையா, பொய்யையா? என் அனுபவத்தைக் கூறுகிறேன். தீர்ப்பை நீங்களே வழங்குங்கள்.

சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குப் பின்புறம், தெருவொன்றில் என் மாமுவின் வீடு இருக்கிறது. கூடத்துச் சுவரில் அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற கடமான் தலை ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பெற்ற உரிமைச் சான்றிதழை மாமு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நோன்புப் பெருநாளுக்கு முன் வெள்ளையடிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஊருக்குச் சென்றிருந்தார். தலையைச் சுவரிலிருந்து இறக்கும்போது கயிறு நழுவிற்று. வலக்கொம்பின் அடிக்கிளையில் நான்கு விரற்கடை நுனி சிதறிப் போயிற்று. சிதறல்களோ நான் கவனிக்குமுன் சுண்ணாம்புக் குப்பையோடு வெளியேறிவிட்டன.

"அசல் கொம்பே கிடைக்கும், யாருக்கும் தெரியாது" என்றார் ஒரு நண்பர். அச்சத்தில் நானும் இணங்கிவிட இருந்தேன். ஆனால், காட்டில் தானாக உதிர்ந்த கொம்பைக்கூட விற்பதோ வாங்குவதோ குற்றம். சான்றிதழுள்ள பழம்பொருளும் வாரிசுக்குச் செல்லலாமேயன்றி விலைக்குச் செல்லலாகாது. என் குற்றத்தை மறைக்க, மாமுவையன்றோ சட்டத்தின் முன் நிறுத்தியிருப்பேன்!

எனவே ரெசினை நாடினேன். முறிந்தது வலப்பக்கம், அச்செடுக்க இருந்ததோ இடப்பக்கம். இடக்கொம்பின் வார்ப்பு வலக்கொம்புக்குப் பொருந்துமா எனக் கலங்கினேன். முழுக் கொம்பாயின் பொருந்தாது. நுனி மட்டுமென்றால், அது ஒரே பக்கம் வளைந்த கூம்புதானே! சற்றுத் திருப்பி வைத்தால் வளைவு சரியாக அமைந்துவிடுகிறது.

இடக்கொம்பின் நுனியைச் சிலிக்கான் ரப்பரில் பதித்து அச்செடுத்தேன். நெடி தாங்காமல் மொட்டை மாடிக்குச் சென்று, பாலியெஸ்டர் ரெசினில் சாக்குத் தூளும் கெட்டியாக்கும் திரவமும் கலந்து ஊற்றினேன். முதல் வார்ப்பில் காற்றுக் குமிழிகள். இரண்டாவதில் திரவம் மிகுந்து, சூடேறி வெடிப்புக் கண்டது. மூன்றாவது தேறியது. இரு பக்கமும் துளையிட்டு எஃகுக் கம்பி செருகி ஒட்டி, இணைப்பை எம்-சீல் கொண்டு நிரப்பி, வரிகளைக் கீறினேன். பிறகு கரும்பழுப்பு வண்ணத்தைப் பூசி, ஈரம் காயுமுன் துணியால் துடைத்தேன். பள்ளங்களில் மட்டும் வண்ணம் தங்கியது. மான் மரத்தில் உரசித் தேய்க்கும் நுனியை வெளிறலாக விட்டேன்.

மாமு வந்தார். தலையைப் பார்த்தார். "சுவர் பளிச்சென்று இருக்கிறது மருமகனே" என்று மகிழ்ந்தார், வேறொன்றும் கேட்கவில்லை. வென்றுவிட்டேன் என்றல்லவா நான் நினைத்திருக்க வேண்டும்? அன்றிரவு உறக்கமே வரவில்லை. ஒப்படைக்கப்பட்டது அமானிதம். அதில் நேர்ந்த குறையை மறைத்தால் கைத்திறனும் மோசடியாகிவிடுமே!

காலையில் அனைத்தையும் சொன்னேன். மாமு நெடுநேரம் பேசவில்லை. நாற்காலியில் ஏறி நுனியைத் தடவிப் பார்த்தார். பின்னர் பெட்டியைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

"என்ன உடைந்தது, எதனால் செய்தாய், என்றைக்கு என்று எழுதிக் கையொப்பமிடு. நீ சொல்லாமல் இருந்திருந்தால், எனக்குப் பின் இதை அடைபவன் என்னையல்லவா பொய்யன் என்பான்!"

அத்தாள் இன்றும் சான்றிதழோடு இருக்கிறது.

எங்கள் பகுதிக்கு அண்மையிலுள்ள கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான்களும் புள்ளிமான்களும் உண்டு. வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை. புள்ளிமானின் கொம்போ எலும்பால் ஆனது. ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாய் முளைப்பது. அன்பர்களே, மனிதர்க்கு நம் மீதுள்ள நம்பிக்கை அவ்வாறு தானாக முளைப்பதில்லை. அது முறிந்தால் ஒட்டுவதற்கு எந்த ரெசினும் கடையில் கிடைக்காது. உங்கள் கையால் ஒன்று உடைந்தால், உரியவரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். செப்பனிடுவது பிறகு ஆகட்டும்.