அம்மாவின் கடைக்கொப்பி

பள்ளிக்கூட விவாதப் போட்டி ஒன்றில் எங்களுக்கு வந்த தலைப்பு: நிவாரணம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது. அக்கா, தங்கச்சி இரண்டு பேரும் ஒரே அணி. ஆதரவாகப் பேசி வென்றோம். எங்கட வீடே சமுர்த்திக் காசில் அரிசி வாங்கிய வீடு என்பதை மேடையில் சொல்லவில்லை.

2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என நாலு படிகள். எங்களுக்குக் கிடைத்தது 8,500. அம்மம்மாவோடு சேர்த்து வீட்டில் நாலு பேர். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 71 ரூபாய்கூட வராது. இதை வைத்து யார் சோம்பேறியாகலாம்?

அந்தக் காசு என்ன செய்தது என்பதை அம்மாவின் கடைக்கொப்பியில்தான் கண்டோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றபோது, கொப்பியில் பருப்பு 100 கிராம், பாதித் தேங்காய் என்றுதான் எழுதியிருக்கு. முட்டை இல்லவே இல்லை. அஸ்வெசும வந்த முதல் இரண்டு மாதமும் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பழைய கடன்தான் அடைபட்டது. மூன்றாம் மாதம்தான் 'முட்டை 10' என்று ஒரு வரி. பிறகு நெத்தலி.

காசு பிந்தினால் அம்மா முதலில் குறைப்பது தன்ர சாப்பாட்டைத்தான். ஆனால் வரும் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் கடன் கிடைக்கும். அதனால் தொகை மாதிரியே, அது வாற திகதியும் முக்கியம். அந்தக் காசு ஊரை விட்டும் போறதில்லை. கடைக்காரருக்கும் மீன்காரருக்கும்தான் போகுது. சவர்க்காரம் வாங்கினால் 18 வீத வற் வரியாக ஒரு பங்கு அரசாங்கத்துக்கே திரும்பிப் போகுது.

2025 சனவரியில் 8,500 என்பது 10,000 ஆனது. கூடின 1,500இல் பெரும்பங்கைத் தேங்காய் விலை தின்றுவிட்டது.

அதே தலைப்பு திரும்ப வந்தால் இந்தக் கொப்பியோடு மேடையேறுவோம் என்று அம்மாவிடம் சொன்னோம். "உதையெல்லாம் ஊருக்குக் காட்டுறதோ?" என்றா. அலுமாரிக்கு மேலே அந்த வெற்றிக் கிண்ணம் இன்னும் இருக்கு. அம்மாவின்ர வெட்கத்தில் அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.