முதல்ல சிலந்தியை எண்ணுங்க

சிறுசேரின்னா இப்போ எல்லாருக்கும் ஐ.டி. பார்க்தான் ஞாபகம் வரும். அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் கழனி இருக்கு. அதுல என்னோடது ஒரு ஏக்கர். காலையில நடக்க வர்ற தம்பிங்க வரப்புல நின்னு ரெண்டு கேள்வி கேட்பாங்க. "அண்ணா, நிலம் விலைக்கு வருமா?" அடுத்தது, "இவ்ளோ சிலந்தி ஓடுதே, விஷமாண்ணா?" முதல் கேள்விக்குச் சிரிச்சுட்டு விட்டுடுவேன். ரெண்டாவதுக்கு இங்கே பதில் எழுதறேன்.

விஷம்தான் தம்பி. அதனாலதான் அது எனக்கு வேணும்.

நெல்லுல ஓடறது பெரும்பாலும் ஓநாய் சிலந்தி. வலை பின்னி உட்காராது. தண்ணி மேலேயே ஓடி, தண்டோட அடியில சாறு உறிஞ்சற புகையானைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும்.

விஷம் எப்படி வேலை செய்யுதுன்னு பொண்ணு போன்ல படிச்சுச் சொன்னா. என் பாஷையில சொல்றேன். நரம்பை வாய்க்கால்னு வச்சுக்குங்க. வழி நெடுக சின்னச் சின்ன மதகு. உப்புல இருக்கிற சோடியம்தான் அது வழியா உள்ளே பாயுது. மதகு திறந்தா சேதி ஓடும். கண் சிமிட்டற நேரத்துக்குள்ள மூடிக்கணும். பல சிலந்தி விஷத்துல இருக்கிற குட்டிப் புரதங்கள் இந்த மதகுலதான் கை வைக்குது. சிலது மூட விடாது, பூச்சி வெட்டி இழுத்துச் சாகும். சிலது திறக்கவே விடாது.

திறக்க விடாத ரகத்தை வச்சு வலி மருந்து தேடறாங்க. பாகிஸ்தான்ல சில குடும்பத்துப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே வலி தெரியாது. ஒரு பையன் நெருப்புக் கங்குல நடந்து தெருவுல வித்தை காட்டியிருக்கான். வலிக்கான ஒரு மதகு மட்டும் அவங்களுக்கு வேலை செய்யலைன்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. அந்த மதகை அடைக்கிற விஷம் பெரிய உரோமச் சிலந்திகள்கிட்ட இருக்கு. ஆனா நம்ம உடம்புல இந்த மதகு 9 வகை, இதயத்துலயும் ஒண்ணு. ஆள் மாத்தி அடைச்சா உயிருக்கே ஆபத்து. அதான் மருந்து சுலபமா வரலை.

இப்போ கழனிக்கு வருவோம். கடையில விக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகளும் இதே சோடிய மதகைத்தான் மூட விடாம செய்யுது. உங்க வீட்டுக் கொசுவத்திச் சுருளும் இதே குடும்பம்தான். சிலந்தி ஒவ்வொரு பூச்சியாப் பிடிச்சு விஷம் விடும். மருந்து கழனி முழுக்க விழும். சிலந்தி நரம்புலயும் மதகு இருக்கே, அதுவும் சாகும். தண்டுக்குள்ள இருக்கிற புகையான் முட்டை தப்பிச்சு, பொரிச்சு, தின்ன ஆளில்லாம பெருகும். இந்தோனேசியா இதுல அடிபட்டுத்தான் 1986-ல நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்தைத் தடை பண்ணிச்சு. அதனால விளைச்சல் ஒண்ணும் விழுந்துடலை.

நம்ம வேளாண் பல்கலைக்கழகமும் சிலந்தியைக் கணக்குல வச்சிருக்கு. நாத்து நட்ட ஒவ்வொரு இடமும் ஒரு குத்து. அதுல கிளைச்ச ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். தூருக்கு ஒரு புகையான் வந்துட்டா மருந்து அடிக்கணும். ஆனா குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு வரை பொறுக்கலாம்.

போன நவரையில என் கழனி இந்த ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு. கடைக்காரர் டெல்டாமெத்ரின் பாட்டிலை எடுத்து வச்சுட்டார். வீட்டு நகை அடகுல இருந்துச்சு. "சிலந்தியை நம்பியா நகையை விடறீங்க?"ன்னு வீட்டுக்காரி கேட்டா. நியாயமான கேள்விதான். தண்ணியை வடிச்சேன், குத்தைப் பிரிச்சு வெயில் படவிட்டேன், தினம் குனிஞ்சு எண்ணினேன். மேலண்டை மூலையில கொஞ்சம் புகைஞ்சு காய்ஞ்சுச்சு. மீதி தேறிடுச்சு. நகையும் திரும்பிடுச்சு.

இப்போ எனக்குப் பயம் வேற பக்கம். சாயங்காலம் அடுக்குமாடிப் பக்கம் கொசுவுக்குப் புகை அடிக்கிறாங்க. பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான். காத்து திரும்பினா என் கழனி மேலதான் வரும். கொசுக்கடி எனக்கும் தெரியும், அடிக்காதீங்கன்னு சொல்லமாட்டேன். எந்த மருந்துன்னு உங்க சங்கத்துல கேளுங்க. காத்து கழனிப் பக்கம் வீசற அன்னைக்கு மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்க. நவரை நடவு நடந்துக்கிட்டிருக்கு.