பழைய உந்துருளியும் பாடபேதமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து சங்க இலக்கியம் பற்றியோ திருக்குறள் பற்றியோ ஏதேனும் வருமென்றே எதிர்பார்த்திருப்பர். நான் தரவிருப்பதோ துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த ஒரு கதை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் நான் பெற்ற சான்றிதழ் தமிழ் கற்பிப்பதற்குரியது, இயந்திரம் கழற்றுவதற்குரியதன்று. எனினும், ஒரு பழைய உந்துருளியைச் செப்பஞ் செய்ததில், பதிப்பாசிரியர்களைப் பற்றி வகுப்பிற் பல்லாண்டு பேசியும் எனக்கு விளங்காதிருந்த ஒன்று விளங்கிற்று. அதனையே இங்கு எழுதத் துணிகின்றேன்.

வண்டி என் பாட்டனாருடையது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இயங்கிய பி. எஸ். ஏ. தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ‘பாண்டம்’ என்னும் சிறு வண்டி. பாண்டம் என்பது ஆங்கிலத்திற் சிறு சாதிச் சேவலைக் குறிக்கும். பெற்றோல் தொட்டியின் பக்கத்திலும் ஒரு சேவல் வரையப்பட்டிருக்கும். எங்கள் தோட்டத்தாருக்கோ பாண்டம் என்றால் சமையற் பாத்திரந்தான். ஆகையால் ‘பிட்டர் ஐயாவின் பாண்டம் வருகிறது’ என்று சொல்லிச் சிரிப்பார்களாம். 125 சி. சி. இயந்திரம், மூன்று கியர், தொழிற்சாலையிற் பூசிய வெளிர்பச்சை வண்ணம். பிரித்தானியாவிலே தந்தி கொண்டு செல்லும் பையன்கள் இவ்வகை வண்டியைச் செந்நிறம் பூசி ஓட்டினர். இலங்கையிலே தோட்டத்துச் சின்னத்துரைமாரும் வேறு பலரும் ஓட்டினர்.

பாண்டம் முதன்முதல் விற்பனைக்கு வந்த ஆண்டு 1948. அதே ஆண்டிலேதான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறி, மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத் தொழிற்சாலையிற் பாட்டனார் பிட்டராக வேலை பார்த்தவர். தாயகம் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து 1962இல் இவ்வண்டியை மலிவாக வாங்கினார். வண்டிக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் உரிமையாளர் எனப் பாட்டனாரின் பெயர் எழுதப்பட்டது. ஆனால் நாட்டின் குடிமக்களுள் ஒருவராக அவர் பெயர் எங்கும் இல்லை. அந்த உரிமை கிடைக்க 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. எந்த ஆவணத்தை எடுத்தாலும் கண்ணாடியைத் துடைத்து இருமுறை படிக்கும் அவருடைய வழக்கத்தின் காரணம் எனக்குப் பிற்காலத்திலேதான் தெரிந்தது.

அவர் வண்டி வாங்கியது உலாப் போவதற்கன்று. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பிற்கு மேல் இல்லை. என் தந்தையாரை நகரத்திலுள்ள நம் கல்லூரிக்கு அனுப்ப வேண்டுமென்பதே அவர் எண்ணம். பின்சில்லின் மேலிருந்த சாமான் தட்டை இரும்புப் பட்டை கொண்டு நீட்டினார். அதன் மேற் சாக்குத் தைத்த மெத்தை ஒன்றை இட்டார். சிறுவரின் கால் எட்டும் உயரத்தில் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு மிதிபடிகளைப் பற்றவைத்தார். முன் இரண்டும் தந்தையாருக்கு. பின் இரண்டும் அடுத்த லயத்துச் சிறுவன் ஒருவனுக்கு. அச்சிறுவனின் தந்தை இறந்துவிட்டமையால் அவனையும் பாட்டனாரே கல்லூரியிற் சேர்த்தார். சட்டம் அனுமதிக்கும் தொகைக்கு மேல் ஒருவர் கூடுதல். அக்காலத்துப் பொலிசார் கண்டும் காணாதிருந்தனர் போலும். காலையில் இருவரையும் இறக்கிவிட்டுத் தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன் மலையேறிவிடுவாராம்.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இன்னின்ன தொகையினர் இங்கு, இன்னின்ன தொகையினர் அங்கு என்று இரு நாடுகளும் மக்களைப் பங்கிட்டுக்கொண்டன. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு எனத் தீர்மானமாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அடுத்த லயத்துக் குடும்பத்தினர் தலைமன்னாரிற் கப்பலேறினர். நீலகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பின்னர் வரவில்லை.

1983 ஜூலையில் மாத்தளை எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தேரும் தீக்கிரையாயின. அப்பொழுது நான் சிறு குழந்தை. வண்டி அன்றைக்கு உக்குவலைப் பக்கத்திற் சிங்களத் தொழிலாளர் ஒருவரின் பட்டறையிற் பழுது பார்க்க விடப்பட்டிருந்தது. அதனால் அது பிழைத்தது. பாட்டனார் பல வாரங்கழித்து அதனை உருட்டிக்கொண்டு வந்து விறகுக் கொட்டிலில் நிறுத்தினார். அதன் பின்னர் அவர் அதனை ஓட்டியதே இல்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2020இற் கொள்ளைநோய்க் காலத்திற் பாடசாலைகள் மூடப்பட்டன. வாகன இறக்குமதியும் அவ்வாண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஒரு நாட் கொட்டிலைத் துப்புரவு செய்யப் போன நானும் என் மகனும் விறகுக்குப் பின்னால் அதனைக் கண்டோம். ரயர்கள் உளுத்திருந்தன. சைலன்சருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. சேவல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அன்று தொடங்கியது வேலை.

உக்குவலைப் பட்டறையில் அன்று கையாளாக இருந்த சிறுவரே இன்று அதன் ‘பாஸ்’. அவர்தாம் எங்களுக்குக் குருவானார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியே அதனை அசைத்தோம். இவ்வகை இரண்டடிப்பு இயந்திரத்திற் பெற்றோலும் எண்ணெயும் காற்றும் கலந்து முதலில் அடிப்பெட்டிக்குள் புகும். அங்கே அழுத்தப்பட்ட பின்னரே மேலே செல்லும். ஆகவே தண்டின் இரு மருங்கிலுமுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் சிறிது காய்ந்து வெடித்தாலும் வண்டி மூச்சிழுக்க மாட்டாது. அவற்றை மாற்றினோம். சிலிண்டரைக் குடைவித்த ஒரு லேத் பட்டறையில் அளவு மிஞ்சிவிட்டது. அதற்கும் பெரிய பிஸ்டன் ஒன்று இங்கிலாந்திலிருந்து தபாலில் வர ஐந்து மாதங்கள் சென்றன.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. மில்லிமீற்றர் அளவுள்ள சுரை ஒன்றை அங்குல அளவுப் புரியிற் பலங்கொண்டு முறுக்கினேன், புரி சிதைந்தது. “மாஸ்டர், ரெண்டும் வேற சாதி. பார்க்க ஒண்டு மாதிரித்தான் இருக்கும்” என்றார் பாஸ். வெண்பாவிற் கலித்தளை புகுந்தால் மாணவரைக் கடிந்துகொள்ளும் எனக்கு அது நல்ல பாடம்.

இயந்திரம் ஒருவாறு சீர்ப்பட்டது. அப்பொழுதுதான் உண்மையான வினா எழுந்தது: இவ்வண்டியை எந்த வடிவத்துக்குத் திருப்புவது? கொழும்பிலுள்ள பழைய வாகன அன்பர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லியனுப்பினார். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்க வேண்டும், தட்டையும் மிதிபடிகளையும் வெட்டி நீக்க வேண்டும் என்றார். பொருள் நெருக்கடி தொடங்கியிருந்த காலம். அத்தொகை என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல். மகனோ புதுமை விரும்பினான். கறுப்பு வண்ணம், தாழ்ந்த கைபிடி, குட்டை இருக்கை, புதுவகை விளக்கு எனக் கொப்பியில் வரைந்து வைத்திருந்தான்.

நான் கொழும்பு அன்பரின் பக்கமே சாய்ந்தேன். பணத்தின் பொருட்டு மட்டுமன்று. அதுவே மூலபாடம் என்று எண்ணினேன். 1887ஆம் ஆண்டிற் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, பிழையைக் களைந்து, மூலத்தை மீட்ட பெருமக்கள் அவர்கள். இடைச்செருகலை நீக்குவதே பதிப்பாசிரியன் கடன் என்று மாணவருக்கு நான் கற்பித்து வந்தேன். பாட்டனாரின் இரும்புப் பட்டையும் ஓர் இடைச்செருகல்தானே?

பாஸ் வாளை எடுத்துக்கொண்டு, “மாஸ்டர், இது கொம்பனி வேலை இல்ல. வெட்டவா?” என்று கேட்டார். நான் தலையசைத்தேன். முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த என் தந்தையார் எழுந்து வந்தார். எழுபது கடந்தவர்; அதுவரை வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர். பின் மிதிபடியின் மேற் கையை வைத்து, “தம்பி, அத வெட்டிடாதே. இது அவனோட படி” என்றார். வேறொன்றும் கூறவில்லை.

தலைமன்னாரிற் கப்பலேறிய அச்சிறுவன் இம்மண்ணில் வாழ்ந்தான் என்பதற்கு எங்களிடம் இருக்கும் சான்று அந்த இரண்டு மிதிபடிகளே. அவனிருந்த லயம் இடிந்துவிட்டது. நிழற்படம் ஒன்றும் இல்லை. கொழும்பு அன்பருக்கு அவை பிழை. எங்களுக்கு அவை எழுத்து.

அன்றிரவு பாண்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மூலம் என்று நான் போற்றியதே மூலமன்று என்பது தெரிந்தது! ஜேர்மனியின் சோப்பவ் என்னும் ஊரிலே டி. கே. டபிள்யூ. நிறுவனம் 1939இல் ஆர். டி. 125 என்னும் வண்டியை ஆக்கிற்று. போர் முடிந்ததும் அதன் வரைபடங்கள் இழப்பீடாக வென்றவர் கைக்குச் சென்றன. பர்மிங்காமில் மில்லிமீற்றரை அங்குலமாக மாற்றினர், கியர் மிதியை இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாற்றினர், பாண்டம் பிறந்தது. அதே வண்டியை இரசியரும் அமெரிக்கரின் ஹார்லி - டேவிட்சன் நிறுவனத்தாரும் தத்தம் வழியிற் செய்தனர். யப்பானின் யமஹா 1955இல் வெளியிட்ட முதல் வண்டியும் அதன் வழிவந்ததே. ஓர் ஏட்டிலிருந்து பல பிரதிகள். ஒவ்வொன்றிலும் படியெடுத்தவர் நாட்டின் கைவண்ணம். பர்மிங்காமினர் வலம் இடம் மாற்றியது திருத்தம் எனின், இரத்தோட்டைப் பிட்டர் இரு சிறுவர்க்கு இடம் அமைத்தது மட்டும் பிழையாகுமா?

மாற்றம் எல்லாம் ஒன்றன்று. கவனமின்மையால் நேர்வது பிழை. துருவும் சிதைந்த புரியும் அத்தகையன. அவற்றைக் களைய வேண்டும். தேவை கருதி அறிந்து செய்வது உரை. பரிமேலழகரை நீக்கிவிட்டும் குறளைப் படிக்கலாம்; ஆயினும் அவர் உரையைப் பிழையென்று எவரும் அடித்துவிடுவதில்லை. பாட்டனார் எழுதியது உரை. நான் அதனை இடைச்செருகல் என்று எண்ணியது என் கல்வியின் குறை.

கொழும்பு அன்பருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மகனிடமும் அதே அளவுகோலை வைத்தேன். “நீ விரும்பும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தேவை என்னவென்று சொல், ஒப்புகிறேன்” என்றேன். அவன் தன் கொப்பியைப் பார்த்தான். கறுப்பு வண்ணத்தை அடித்தான், கைபிடியை அடித்தான், இருக்கையை அடித்தான். விளக்கிடம் வந்து நின்றான். “அப்பா, இதிலே விளக்குக்கு வேண்டிய மின்சாரம் நேரே இயந்திரத்திலிருந்து வருகிறது. வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். வளைவிலேதான் வேகத்தைக் குறைப்போம். வளைவிலேதான் வெளிச்சம் வேண்டும். ரிவஸ்டன் பாதையில் மூடுபனிக்குள்ளே நீங்கள் எப்படி இறங்குவீர்கள்?” என்றான். எனக்கு மறுமொழி இல்லை. புதுவிளக்கையும் அதற்கொரு சிறு மின்கலத்தையும் அவனே பொருத்தினான். சட்டத்தில் ஒரு துளையும் இடாமற் செய்தான். பழைய விளக்கைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தான். பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியன் செயல் அது என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன்.

வேலை முடிந்தது 2022 ஓகஸ்ட்டில். நாட்டிற் பெற்றோல் இல்லை. கியூ. ஆர். அட்டையைக் காட்டி உந்துருளிக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்ற காலம். நான் நாள்தோறும் பாடசாலைக்கு ஓட்டும் வண்டியின் பங்கிலிருந்து அரை லீற்றர் எடுத்து, அளவாக எண்ணெய் கலந்து ஊற்றினோம். பதினோராம் உதையில் வெண்புகையோடு பாண்டம் குரலெடுத்தது. முப்பத்தொன்பது ஆண்டு மௌனம் நீங்கிற்று. தந்தையாரைப் பின்னே ஏற்றிக்கொண்டு, மாரியம்மன் கோயில் வீதிவரை மெல்லச் சென்று திரும்பினேன். எரிந்த தேருக்குப் பதிலாகப் புதுத்தேர் செய்து மாசி மகத்தன்று மக்கள் இழுத்துச் செல்லும் வீதி அது. வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிட்டர் ஐயாவின் பாண்டத்திலே அவருடைய கால்கள் மட்டும் பழைய மிதிபடிகளைத் தேடின. எட்டாத உயரமன்று, மடங்காத முழங்கால்.

இப்பொழுது ஞாயிறுதோறும் அதனைத் துடைத்து வைக்கின்றேன். நம் கல்லூரி மாணவர் வந்து பார்ப்பர். சேவலைத் தொட்டுப் பார்ப்பர். விளக்கை எரித்துப் பார்ப்பர். இறுதியில் எவனாவது ஒருவன் குனிந்து, “சேர், பெரியவர்கள் கால் வைக்க முடியாத இந்த நான்கும் எதற்கு?” என்று கேட்பான். அவன் கேட்கும்வரை நான் பேசுவதில்லை. கேட்ட பின்னர், இருவர் படிக்க வந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.