கடன் வாங்கிய உயிர்

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் நடத்திக்கொண்டிருந்தேன். தாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமென்று பாட்டுடைத் தலைவனைச் சிறுமியர் இறைஞ்சும் பகுதி. "நீங்க சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க, ஐயா?" என்றான் ஒரு மாணவன். கோலி, பம்பரம், கேரம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். பொய்யில்லை. ஆனால் முதலில் நினைவுக்கு வந்ததை ஏனோ சொல்லவில்லை.

1994 தீபாவளிக்கு, போனஸ் பணத்தில் அப்பா பர்மா பஜாரிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் துறைமுகத்தை ஒட்டி உருவான கடைத்தெரு அது. ராயபுரத்துப் பிள்ளைகளான எங்களுக்கு வெளிநாடு அங்கேதான் தொடங்கியது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம்தான் மூலக்கருவி. எங்களுக்குக் கிடைத்தது அதன் நகல். இப்படியொரு நகலை ருஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் ஒரு தலைமுறையே விளையாடியிருக்கிறது என்று பிற்பாடு படித்தேன்.

மஞ்சள் கேசட்டை ஊதிச் செருகி, தொலைக்காட்சியின் குமிழைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். எங்களுடையது கறுப்பு வெள்ளை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய விளையாட்டு. இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். நிறமில்லாத எங்கள் திரையில் அந்தச் சிக்கனம் எளிதில் பிடிபட்டுவிட்டது.

ஆனால் எங்கள் விளையாட்டு கான்ட்ராதான். கொனாமி நிறுவனம் 1988இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. இருவர் சேர்ந்து ஆடலாம். அண்ணன் முதல் வீரன், நான் இரண்டாமவன். ஆளுக்கு மூன்று உயிர். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று தொடங்கும் ரகசிய வரிசையை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் கட்டத்தில் ஓர் அருவி வரும். ஒருவன் விரைந்து ஏறினால் திரையும் உடன் ஏறும். கீழே பின்தங்கியவன் மடிவான். நான் எப்போதும் விரைந்து ஏறுவேன்.

அவ்விளையாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. நம் உயிர்கள் தீர்ந்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தித் தோழனின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவன் அனுமதி தேவையில்லை. என் உயிர்கள்தாம் எப்போதும் முதலில் தீரும். அண்ணன் ஒருநாளும் தடுத்ததில்லை. "எடுத்துக்கோடா, பார்த்து ஆடு" என்பான்.

1997இல் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். பிளஸ் டூ முடித்திருந்த அண்ணன் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கவே இல்லை. கன்டெய்னர் லாரியில் கிளீனராகச் சேர்ந்தான், பிறகு ஓட்டுநரானான். நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை வரை படித்தேன். பணம் கட்ட வேண்டிய ஒவ்வொரு பருவத்திலும் அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். அவனுக்கு என்ன மிச்சமிருக்கிறதென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வகுப்பு முடிந்த அன்றிரவு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நின்ற லாரி வரிசையில் இருந்தான். கான்ட்ரா நினைவிருக்கிறதா என்றேன்.

"இன்னாடா திடீர்னு?" என்று சிரித்தான். "அந்த அருவியில நீ என்ன உட்டுட்டு மேல பூடுவியே!"

உயிர் கடன் வாங்கியதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்குள், "வண்டி நகருது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

அந்த மாணவனுக்கு நாளை சரியான பதிலைச் சொல்ல வேண்டும். அதற்குமுன் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.