பலகை மேல் ஒரு பேரருவி

குற்றாலத்துக்குப் புறப்படுகிறவர்கள் துண்டை மறக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் பொம்மை டாங்கி செய்து வர்ணம் பூசுகிற பிள்ளை ஒருவன் இருந்தால், அவன் பையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு காலி டப்பாக்களும் இருக்கட்டும்.

"டாங்கிக்கும் குற்றாலத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? டாங்கியைச் செய்து முடிப்பது பாதி வேலை. அது நிற்கிற மண்ணையும் பாறையையும் ஈரத்தையும் செய்வது மறுபாதி. இதற்கு 'டயோரமா' என்று மேல்நாட்டார் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளியும், கண்ணாடித் துண்டை வைத்துக் குளமும் அமைக்கிறார்களே, அதன் தம்பிதான் இது!

டாங்கிப் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் 35-ல் ஒரு பங்கு என்பது அளவு. ஏன் 35? ஜப்பானில் 1961-ல் 'டாமியா' கம்பெனியார் ஒரு ஜெர்மன் டாங்கியைச் சிறிதாக்கினார்கள். உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதற்கேற்ப வந்த அளவே பிறகு உலகெங்கும் நிலைத்துவிட்டது. நம் ஆவடியில் 1965 முதல் உருவான 'விஜயந்தா' டாங்கி, குழாயையும் சேர்த்துச் சுமார் 10 மீட்டர் நீளம். பொம்மையில் அது 28 சென்டிமீட்டர்தான்.

இனி தென்காசியில் இறங்குங்கள். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990-ல் புதிதாக எழுந்தது. உயரம் சுமார் 180 அடி. வாசலில் வீசும் காற்று வேஷ்டியைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கும்! அதைப் பிடித்துக்கொண்டே பையனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டாங்கியின் பக்கத்தில் இந்தக் கோபுரத்தை வைக்க வேண்டுமானால் ஐந்தடிக்கு மேல் உயரம் வேண்டும். வீட்டில் அதற்கு அம்மா இடம் தருவாளா என்பது வேறு விஷயம்.

குற்றாலத்துப் பேரருவியும் ஏறக்குறைய அதே உயரந்தான். மேலிருந்து பாய்கிற தண்ணீர் நடுவழியில் 'பொங்குமாங்கடல்' என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. குளித்து முடித்தபின் எதிரே நின்று பாறையைக் கவனியுங்கள். ஒரே கறுப்பா அது? நனைந்த இடம் கறுத்து மின்னும். சாரல் மட்டும் படுகிற விளிம்பு வெளுத்திருக்கும். ஆகவே முதலில் அடர்ந்த வர்ணம். காய்ந்ததும், தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிறிய வர்ணத்தை மேடுகளில் மட்டும் தேய்க்க வேண்டும்.

தண்ணீர்தான் தொல்லை. எதையும் சிறிதாக்கலாம், தண்ணீர்த் துளி சிறிதாவதில்லை. பொம்மைப் பாறையில் நிஜத் தண்ணீரை விட்டால், முனிசிபல் குழாய் ஒழுகுகிற மாதிரி இருக்கும்! பஞ்சைப் பிரித்துப் பசையில் தோய்த்து இழை இழையாக ஒட்டி, வார்னிஷ் பூசினால்தான் அருவி அருவியாகத் தெரியும்.

திரும்பும்போது கடைத்தெருவில் மரச் சொப்புகளைப் பாருங்கள். அம்பாசமுத்திரம் இவற்றுக்குப் பேர்போன ஊர். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வழவழப்பைத் தூரிகையால் கொண்டுவர முடியாது.

ஒரு நாள் மீதமிருந்தால் கடையநல்லூர், புளியங்குடி வழியாக வடக்கே போய் நெற்கட்டும்செவலைப் பாருங்கள். பூலித்தேவனின் ஊர். 1755-ல் கர்னல் ஹெரான் பீரங்கிகளுடன் வந்து, கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினான். 1760-ல் யூசுப்கான் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றான். மறு வருஷம் மீண்டும் வந்து ஜயித்தான். 1801-ல் போர் ஓய்ந்ததும் பாளையக்காரர் கோட்டைகளைக் கும்பினியார் இடித்துத் தள்ளினார்கள். இன்று அங்கே பூலித்தேவனுக்கு நினைவு மாளிகை இருக்கிறது. அந்த மண் மதில் எவ்வளவு கனம், பீரங்கி எங்கே நின்றது, யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்றெல்லாம் தேடிப் படித்து ஒரு பலகையில் எழுப்புகிற பையன், பரீட்சைக்குப் படிக்கிறவனைவிட அதிகம் தெரிந்துகொள்வான். விஜயந்தாவை விட்டு இதையே முதலில் செய்யச் சொல்வேன் நான்.

டப்பாக்கள் எதற்கு என்று சொல்லவில்லையே! சாலையோரச் செம்மண்ணுக்கு. (காட்டுக்குள் எதிலும் கை வைக்க வேண்டாம்.) சாதாரண மணல்கூட அந்த அளவில் சரளைக் கல்லாகிவிடும், மெல்லிய துணியில் சலித்த தூள்தான் புழுதி. ஊர் திரும்பும்போது டப்பாவை ஈரத் துண்டோடு சேர்த்துச் சுருட்டிவிடாதீர்கள். துண்டு காவியாகிவிடும்!